மாமன் கட்டிய குடிசை

14.3.1982, ஞாயிறு

இன்னும் கோபம் ஆறவில்லை. மகள் பெரியவளாகிவிட்டாள். மாமன் முறைக்கு என் அண்ணன் பச்சை ஓலையில் குடிசை கட்டிக்கொண்டிருந்தார். மகளின் காதுபடவே என் நாத்தனார் கேட்டாள்: "சொந்த மாமன்தானே கட்டணும்? பெத்தவ சுங்காய் ரப்பர் தோட்டத்துலதான் இருக்காளாம். அவ தம்பிக்கு ஆள் அனுப்பலாம்லா, அண்ணி."

யாரைக் கேட்டு இவள் விசாரித்தாள்? பிள்ளையை என் கையில் கொடுத்தபோது அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்: "என்னைத் தேடி வராதீங்க அக்கா." அவளே அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. இன்று அவளுக்கும் புருஷன், பிள்ளைகள் இருக்கலாம். ஆள் போய் நின்றால் அந்தக் குடும்பம் என்னாகும்? தத்துப் பிள்ளை என்று மகளுக்குத் தெரியும். இரண்டு வீட்டுக்கு நடுவில் இழுபடாமல் நிம்மதியாக வளர்ந்தாள். எங்களுக்கும் யாராவது வந்து பிள்ளையைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற பயமில்லை.

"வேண்டாம்னு சொன்னது அவ. அதை மீற உனக்கு யார் உரிமை கொடுத்தா?" என்றேன்.

அண்ணன் ஓலையைக் கீழே வைத்துவிட்டார்.

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது: "மாமா, வாசலக் கொஞ்சம் பெருசா வைங்க. தல இடிக்கும்லா."

அண்ணன் கட்டியதைப் பிரித்து, மறுபடி கட்டினார்.