சுவர் பார்த்த நாற்காலியைத் திரும்பக் கேட்டு

அனுப்புநர்:
மூத்த பணியாளர் (அறையில் ‘பெரியக்கா’),
பகல் முறைப் பெண்கள் சார்பாக,
ஆம்புலன்ஸ் அழைப்பு மையம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அவசர மருத்துவச் சேவை.

பொருள்: இளைய பணியாளரின் பணியிடை நீக்கத்தை ரத்து செய்யவும், எங்கள் சிறு ஓய்வைத் திருப்பித் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் அறையில் அனைவரும் பெண்கள். பெண் குரல் கேட்டால் அழைப்பவரின் பதற்றம் குறையுமாம். எங்கள் பதற்றம் யார் குரலில் குறையும் என்று எவரும் சொன்னதில்லை.

2. பேசிக்கொண்டிருக்கும்போதே மறுமுனையில் ஓர் உயிர் போய்விட்டால், அந்த அழைப்பை எடுத்தவள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். யாரும் எதுவும் கேட்க மாட்டோம். அவளுக்கு வரும் அழைப்புகளை மற்றவர்கள் எடுப்போம். அழுவதோ சும்மா இருப்பதோ அவள் பாடு. தானாகத் திரும்பியதும் வேலை தொடரும். இதற்கு உத்தரவு ஏதும் கிடையாது, நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம்.

3. வெள்ளம் வந்து அழைப்புகள் குவிந்த நேரத்தில் புதிய மேலாளர் வந்தார். முதுகு காட்டுவது ஒழுங்கீனம் என்று சுழல் நாற்காலிகளை எடுத்துவிட்டு, தரையோடு திருகி இறுக்கியவற்றைப் போட்டார். பதிலுக்கு, மதிய இடைவேளையில் மன அமைதி வகுப்பு, வருகை கட்டாயம். கண்ணை மூடச் சொல்கிறார்கள், மூடியதும் தூங்கிவிடுகிறோம். தூங்கியதற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வருகிறது.

4. கடந்த வியாழனன்று இளைய பணியாளர் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு குழந்தை இறந்தது. தாயின் கதறல் எங்களுக்கே கேட்டது. பழக்கத்தில் அவள் காலை ஊன்றி நாற்காலியைத் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. நாங்கள் எடுக்குமுன் அடுத்த அழைப்பும் அவளுக்கே வந்துவிட்டது. குளியலறையில் விழுந்துவிட்ட தன் அம்மாவுக்காக ஒருவர் கூப்பிட்டார். அவள் அந்த வண்டியையும் குழந்தையின் வீட்டுக்கே அனுப்பிவிட்டாள். தவறு தெரிந்து வேறு வண்டி போனது. அந்த அம்மா இடுப்பெலும்பு முறிவோடு பிழைத்துக்கொண்டார்.

5. பணியிடை நீக்க ஆணையில் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். ஐயா, அவள் கவனம் முழுவதும் அந்தக் குழந்தையிடம் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், “நான் இந்த வேலைக்கு லாயக்கில்லக்கா” என்கிறாள். சொல்லிச் சொல்லி அதையே நம்பத் தொடங்கிவிட்டாள். மறுமுனையில் உயிர்களை இழந்து இழந்து எங்களுக்கும் அலுத்துவிட்டது. இன்னொருத்தியை இழக்கத் தெம்பில்லை.

6. நேற்று அந்த அம்மாவின் மகன் புகார் கொடுக்க வந்தார். கோபமாகத்தான் வந்தார். ஆனால் முதலில் கேட்டது இது: “அன்னிக்குப் பேசின பொண்ணுக்கு என்னாச்சு? குரலே சரியில்லையே. பக்கத்துல யாருமே இல்லையா?” இருந்தோம் என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

7. ஆகவே சுழல் நாற்காலிகளையும் மதிய இடைவேளையையும் எங்களுக்கே விட்டுவிடுங்கள். அவளைத் திரும்ப அழையுங்கள், ஐயா. இந்த முறை பக்கத்தில் இருக்க எங்களை விடுங்கள்.

நாள்: வெள்ளம் வடிந்த திங்கட்கிழமை
இடம்: அழைப்பு அறை

இன்னும் பணிவு மிச்சமுள்ள,
(ஒப்பம்)
பெரியக்கா மற்றும் பகல் முறைப் பெண்கள்