முஃப்லிஹாவுடைய சம்மதம்

பூவரசங்குளம், வவுனியா.
10.09.1996

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சவூதியில், தம்மாமில் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காக்க வேண்டும். இங்கே நானும் மாமியும் உங்கள் தங்கை முஃப்லிஹாவும் நம் மகள் ஸுமையாவும் இருக்கிறோம். மாமியின் முழங்கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. போன கிழமை அடித்த காற்றில் குசினிக் கூரையின் கிடுகு பறந்துவிட்டது. பொலித்தீன் போட்டு மறைத்திருக்கிறேன். காணிக்காரர் மறுபடியும் வந்து, தை மாதத்துக்குள் இடத்தை விட்டுப் போகும்படி சொன்னார்.

அதனால்தான் வாப்பாவின் இடத்தில் நிற்கும் உங்கள் சாச்சா ஒரு சம்பந்தம் கொண்டு வந்திருக்கிறார். மாப்பிள்ளை டவுனில் இரும்புக் கடை வைத்திருப்பவர். நாற்பது வயது இருக்கும். வீட்டில் மனைவி இருக்கிறா, பிள்ளை இல்லை. முஃப்லிஹாவைக் கொடுத்தால் சீதனமே வேண்டாமாம். நாம் குடியிருக்க ஒரு துண்டுக் காணியும் தருவாராம். சாச்சாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொண்ணூறில் தண்ணீரூற்றை விட்டு முஸ்லிம்களான எங்களை இயக்கம் துரத்தியபோது, கால் கொப்பளித்த முஃப்லிஹாவைத் தோளில் சுமந்து வந்தவர் அவர்தான். ஆனால் அவளுக்கு இப்போது பதினாறு வயது. டிசம்பரில் ஓ.எல். சோதனை எழுத வேண்டும்.

கலியாணக் கதையைத் தானே தன் நானாவான உங்களுக்கு எழுத அவளுக்கு வெட்கம். “மச்சி, நான் மாட்டன் எண்டு எழுதுங்கோ. சோதினை முடியட்டும், பிறகு ஆரையெண்டாலும் பாக்கட்டும் எண்டு எழுதுங்கோ” என்றாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

அவளுக்குப் படிப்பிக்கும் சிவலட்சுமி ரீச்சர் வீட்டுக்கே வந்து சாச்சாவிடம் கதைத்தார். எங்கள் மார்க்கம் உங்களுக்கு விளங்காது, இது எங்கள் வீட்டு விஷயம் என்று சாச்சா சொல்லிவிட்டார். ரீச்சர் முஃப்லிஹாவுக்கு ஒரு கதைப் புத்தகம் கொடுத்திருந்தார். உருதுவில் பெண்கள் எழுதிய கதைகளாம், தமிழில் வந்திருக்கிறது. இந்தப் புத்தகம்தான் பிள்ளையைக் கெடுத்தது என்று சாச்சா அதைத் திருப்பி நீட்டினார். “ஐயா, இதை எழுதினதெல்லாம் உங்கட மார்க்கத்துப் பொம்பிளைகள்தானே” என்று சொல்லிவிட்டு, ரீச்சர் அதை வாங்கிக்கொண்டு போனார்.

நல்ல கதைகள், மச்சான். புத்தகம் இருந்த நாளில் நான் மரவள்ளி சீவிக்கொண்டிருக்க, முஃப்லிஹா வாசிப்பாள். ஒரு கதையில், பிள்ளை பெறாதவள் என்று தள்ளி வைக்கப்பட்ட ஒருத்தி வருவாள். ஒன்றிலும் வாய் திறக்காத மாமி, முழங்காலைத் தடவிக்கொண்டு, “பிறகு அவளுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார்.

வாப்பா மௌத்தாகிவிட்டதால் முஃப்லிஹாவைக் கட்டிக்கொடுக்கும் உரிமை உங்களிடம்தான் இருக்கிறது. நீங்கள் ஓம் என்று எழுதினால்தான் நிக்காஹ் நடக்கும். பெண்ணிடம் கேட்டுத்தான் முடிக்க வேண்டும் என்று நபிகள் நாயகம் சொன்னதை எனக்குச் சொல்லித் தந்தவர் நீங்கள். கேட்டாயிற்று, மச்சான். அவள் மாட்டேன் என்கிறாள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
றஹீமா


பூவரசங்குளம்,
24.11.1996

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் கடிதம் உங்கள் கைக்கு வந்ததா, தெரியவில்லை. நீங்கள் சாச்சாவுக்கு எழுதியது வந்து சேர்ந்தது. உங்களுக்குப் பதிலாக முன்னின்று முடித்து வைக்கச் சொல்லியிருந்ததை வெளியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். நான் குசினியில் நின்று கேட்டேன்.

போன வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடிந்தது. ஆட்கள் அதிகம் இல்லை. சாப்பாடு குறையில்லை.

அதற்கு முந்தின கிழமை அவருடைய முதல் மனைவி நம் வீட்டுக்கு வந்தா. மெலிந்த மனுசி. முக்காட்டை எடுக்காமலே இருந்து, தேத்தண்ணியையும் தொடாமல், “என்னட்டை ஆரும் கேக்கேல்லை. நீங்களாவது மாட்டம் எண்டு சொல்லுங்கோவன்” என்றா. நான் சொன்னால் கேட்க யார் இருக்கிறார்கள் என்றேன். அவ எழும்பிப் போய்விட்டா.

நானும் முஃப்லிஹாவும் ஒன்று பேசி வைத்திருந்தோம், மச்சான். மறைக்காமல் சொல்லுகிறேன். பதிவுப் புத்தகத்தைக் கையெழுத்துக்கு உள்ளே கொண்டு வருவார்கள்தானே, அப்போது போட மாட்டேன் என்று சொல்லிவிடு என்றேன். எத்தனை பேர் நின்றாலும் சொல்லுவேன் என்றாள். பள்ளிக்கூடப் பேனையை மடிக்குள் வைத்துக்கொண்டுதான் மணப்பெண்ணாக இருந்தாள். பேனை எதற்கு என்று கேட்டதற்கு, “எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், தெரிஞ்சுகொண்டுதான் மாட்டன் எண்டு சொல்றன் எண்டு அவையளுக்கு விளங்கவேணும்” என்றாள்.

வெளியே நிக்காஹ் ஓதுவது கேட்டது. பிறகு சத்தமில்லை. இப்போது கொண்டு வருவார்கள் என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேரீச்சம்பழத் தட்டுத்தான் உள்ளே வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். மாப்பிள்ளையும் சாச்சாவும் சாட்சிகளும் போட்டால் போதுமாம். பெண்ணுக்கு அதில் இடமே இல்லையாம். இது எனக்குத் தெரியாது. நம் கலியாணத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டே இருந்துவிட்டேன், எதையும் கவனிக்கவில்லை.

முஃப்லிஹா சத்தம் போட்டு அழுதாள். “பொம்பிளைப் பிள்ளை அழுகிறதும் சம்மதம்தான்” என்று சாச்சா வாசலில் நின்று சொன்னார். ஆட்களும் ஓம் ஓம் என்றார்கள்.

மாப்பிள்ளை வீட்டு வான் அவளை ஏற்றிக்கொண்டு போன பிறகு மாமி வாசலிலேயே நின்றார். “என்னட்டையும் ஆரும் கேக்கேல்லை, றஹீமா. அப்ப எனக்குப் பதின்மூண்டு வயசு” என்றார். உங்கள் உம்மா இதை உங்களுக்குச் சொல்லியிருக்கிறாரா?

றஹீமா


வவுனியா,
20.06.1997

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இப்போது மாப்பிள்ளை தந்த காணியில் இருக்கிறோம். கல் வீடுதான், தகரக் கூரை. மழைக்குப் பயமில்லை. வடக்கே சண்டை நடக்கிறது. ஷெல் சத்தத்துக்குத் தகரம் அதிர்கிறது.

முஃப்லிஹா போன கிழமை தனியே வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. வயிற்றில் மூன்று மாதம். முதல் மனைவிதான் தன் செருப்பைக் கழற்றி இவள் காலில் மாட்டிவிட்டு, பஸ் ஏற்றி அனுப்பினாவாம். அதற்கு அந்த மனுசிக்கு என்ன கிடைத்திருக்குமோ.

சாச்சா அவளைக் கலியாண வழக்குகளைத் தீர்க்கும் காதியாரிடம் கூட்டிப் போனார். நானும் போனேன். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். உள்ளே காதியார் சாச்சாவிடம் கேட்டாராம், சாச்சா பதில் சொன்னாராம். பிள்ளை வயிற்றில் இருக்கிறது, பொறுமையாக இரு என்று புத்தி சொல்லி முடித்துவிட்டார்கள். வெளியே வந்த பிறகு சாச்சா என் முகத்தைப் பார்க்காமல், “இவள் இஞ்ச வந்து இருந்தால், நாங்கள் எல்லாரும் திரும்பவும் எங்க போறது?” என்று கேட்டார். சாச்சா அவளை அப்படியே டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். காதியாரிடம் போகுமுன் நான் தலையை வாரிவிடும்போது, நானா பதில் எழுதினாரா என்று ஒருதரம்தான் கேட்டாள். தபால் சுணங்கும் என்றேன். என் பெயருக்கு நீங்கள் கடைசியாக எழுதியது நோன்புக்கு முன்பு. இப்போது எல்லாக் கடிதமும் சாச்சாவுக்கே வருகிறது.

நம் ஸுமையா போன மாதம் பெரிய பிள்ளையாகிவிட்டாள். பன்னிரண்டு வயது. தண்ணீர் வார்த்தோம். வந்திருந்த சாச்சா, இன்னும் இரண்டு வருடம்தான், பிறகு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் ஒன்றும் விளங்காமல் சிரித்தாள்.

மச்சான், உங்களிடம் நான் நகை கேட்டதில்லை, வீடு கேட்டதில்லை, வாருங்கள் என்றும் வற்புறுத்தியதில்லை. ஸுமையாவைப் பற்றி யாருக்கும் ஓம் என்று எழுதிவிடாதீர்கள். எழுதத்தான் வேண்டுமென்றால் முதலில் அவள் பெயருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். நன்றாக வாசிப்பாள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். நீங்கள் இல்லாவிட்டால் அந்த உரிமை சாச்சா கைக்குப் போய்விடும். நீங்கள் இருக்கும்வரைதான் அவளைப் பற்றி உங்களிடமாவது நான் கேட்க முடியும்.

றஹீமா