சீனக்கோயில் வாசற்படி

ஒக்டோபர் 14, திங்கள்

காலையிலேயே வெக்கை. மழைக்கான அறிகுறி இல்லை. உட்துறைமுக வீதிச் சீனக்கோயிலை அளக்கத் தொடங்கினேன். கோயிலைப் பார்த்துவரும் லில்லி அக்காவின் தம்பி, கொழும்பிலிருந்து அளவுப்படம் கேட்கிறார். ஓய்வுபெற்ற படவரைஞனுக்கு வேறு என்ன வேலை.

முகப்பு 14 அடி 3 அங். ஆழம் 19 அடி. உள்ளே கூரையில்லாத சின்ன முற்றம், 4 அடிச் சதுரம். கூரை நுனி இரண்டும் மேல்நோக்கி வளைவு. ஓடு மட்டும் நம் வீடுகளில் உள்ள அதே ஓடு. முகட்டில் டிராகன், செய்தவர் உள்ளூர் ஆள் போலும், முகம் அப்படியே நம் கோயில் யாளி. வாசற்படி நிறுத்திவைத்த பலகை, 13 அங். உயரம். காலை நன்றாகத் தூக்க வேண்டும்.

என் பழைய துணி நாடாவின் நுனியை மான் மென்றுவிட்டது. இரண்டு அங்குலம் போச்சு. இனி எல்லா அளவிலும் இரண்டைக் கழிக்க வேண்டும். இந்த ஊர் மான்களுக்குப் பயமே இல்லை.

வீடு திரும்பினேன். சத்தமே இல்லை. மனைவி விமலா கண்ணை மூடி எட்டு மாதம். செருப்பை இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். "காலைத் தூக்கி நட" என்று முப்பது வருடம் கத்தினேன்.

ஒக். 15, செவ்வாய்

லில்லி அக்கா வந்தார், சக்கரக் கதிரையில். வயது 78. தகப்பன் சீனாவிலிருந்து வந்து சைக்கிளில் துணி விற்றவர். இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடமாக அக்கா வெளியே இருந்துதான் கும்பிடுகிறார். வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போகிறார், தம்பி வீட்டோடு. இனித் திரும்ப மாட்டார்.

"போறதுக்கு முதல் ஒருக்கா உள்ளுக்கப் போய் என்ர கையால ஊதுபத்தி வைக்கோணும், தம்பி."

"ரெண்டு பேர் சேர்ந்து தூக்கினால்..."

"நான் என்ன பிணமே, தூக்கிக்கொண்டு போக?"

சாய்வாகப் பலகை போடவும் வழியில்லை. அது இறங்கும் இடத்தில் முற்றத்துப் பள்ளம். சுவர் பூச வந்த கிண்ணியா மேசன் றபீக், "சேர், படிய வெட்டினா ஒரு மணித்தியால வேல" என்றார். பாய்ந்துவிட்டேன். பழைய மரம், ஒருவரும் தொடக்கூடாது! அக்கா, "ஓம், வெட்டக்கூடாதுதான்" என்று மட்டும் சொன்னார்.

படி ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டேன்.

"அலையிற ஆவியளுக்குக் காலைத் தூக்க ஏலாதாம். தடக்குப்பட்டு வெளியில நிண்டிடுமாம். மானும் வராது." தன் காலைத் தட்டி: "இப்ப நானும்."

ஒக். 16, புதன்

நேற்றுக் கத்தியது பிழை. மரத்துக்கு இரங்கினேன், மனுசிக்கு இரங்கவில்லை.

படம் வரையும்போது படிப்பலகையின் நீளம் ஒத்துவரவில்லை. வெளியே 4 அடி. உள்ளே 4 அடி 2 அங். மானின் இரண்டைக் கழிக்க மறந்தேனாக்கும் என்று, போய் இரும்புக் கோலால் அளந்தேன். அதே இரண்டு. மான்மீது பழியில்லை.

நிலைக்காலில் பெயின்ரைச் சுரண்டினேன். எத்தனை பூச்சு, அத்தனையும் சிவப்பு. அடியில் தவாளிப்பு, பலகை நுனி ஓர் அங்குலம் உள்ளே போகும் பள்ளம்! இரு பக்கமும். பலகை பதித்ததல்ல, மேலிருந்து செருகியது. சாமி வெளியே போய்வர வழி வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். பிறகு யாரோ பூசிப் பூசி ஒட்டவைத்து, எல்லாரும் மறந்துபோனார்கள். நானும் அதைப் பதித்த படி என்றே வரைந்திருந்தேன். நாற்பது வருட அனுபவமாம்.

றபீக் தட்டினார். நான் இழுத்தேன். வந்துவிட்டது.

"நல்லவேள சேர், நீங்க வெட்ட விடல்ல."

ஒக். 17, வியாழன்

தூறல். அக்கா வாசலைப் பார்த்தார்.

"தள்ளாதீங்கோ. நானே போறன்."

சக்கரத்தைத் தானே உருட்டி, முற்றத்தைச் சுற்றி உள்ளே போனார். நான் வெளியே நின்றேன். இருபது நிமிடம். ஊதுபத்தி மணம் தெருவரை. எனக்கு ஏனோ அழுகை வந்தது.

வந்து சாவியை என் கையில் வைத்தார். "பலகையைத் திருப்பிப் போட்டுடுங்கோ, தம்பி. மறக்கவேண்டாம்."

"ஓம், அக்கா."

ஒக். 18, வெள்ளி

7.10க்கு அக்காவை ஏற்றிக்கொண்டு வான் வெளிக்கிட்டது. அக்கா கை காட்டினார். நானும். இனிப் பேச ஆள் இல்லை.

நேரே கோயிலுக்கு. தவாளிப்பில் மெழுகுதிரி தேய்த்துப் பலகையைச் செருகினேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. அச்சாவாய்ப் பொருந்தியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டேன். மான் வந்தால் வரட்டும். விமலாவுக்குக் காலைத் தூக்கி நடக்கத் தெரியாது.