அன்று அடிக்காத மணி

என் பாசக்கார மச்சானுக்கு,

செத்தவனைத் திட்டக்கூடாது என்கிறாள் உன் தங்கை. நான் திட்டத்தான் எழுதுகிறேன்.

ஆலையில் செம்பனைக் குலைகளை வேகவைக்கும் கலனின் கதவைத் திறப்பதற்கு முன், நாங்கள் சின்ன வால்வைத் திருகிப் பார்ப்போம். உஸ்ஸென்று நீராவி வந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது, கதவிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். நீ கம்ப்யூட்டரை வைத்த பிறகு எங்களைப் பார்த்து எவ்வளவு சிரித்தாய்! "இன்னும் கட்ட வண்டி காலத்துலயே இருக்கீங்களே" என்றாய்.

உன் புரோகிராம் முதலில் ஒழுங்காகத்தான் உழைத்தது. உள்ளே இருக்கும் அழுத்தத்தைப் படிக்க முடியாவிட்டால் அப்படியே நின்று மணியடிக்கும். பிறகு, உன் புரோகிராமைப் படித்து நடத்தும் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புதுப் பதிப்பு வந்தது. நீ எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அதில் ஏற்றினாய். ஓடியது. ஆலையை நடத்தும் துரை முன்னால் மார்தட்டிக்கொண்டாய்.

பழைய பேசிக் பிழை வந்தால் நிற்கும். புதியதோ பிழையை ஓரமாக வைத்துவிட்டு, அழுத்தம் சைபர் என்று எடுத்துக்கொண்டு மேலே போகும். எல்லாம் சரியாக இருக்கும்போது ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தாயே, அழுத்தத்தைச் சொல்லும் வயரைக் கழற்றிப் பார்க்க உனக்கு ஏன் தோன்றவில்லை?

நீ கழற்றாத வயரை எலி கடித்தது.

அன்று துரைக்குக் காட்டுவதற்காக நீயே கதவைத் திறக்க வந்தாய். "மச்சான், வால்வ திருகிப் பாரு" என்றேன்.

"ஸ்க்ரீன பாரு லா. சைபர் காட்டுது."

அதுதான் நீ கடைசியாகப் பேசியது. கதவு திறந்ததும் உள்ளே இருந்த நீராவி உன் மேல் பாய்ந்தது. சவப்பெட்டியை மூடித்தான் நம் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முகத்தைக் காட்டச் சொல்லி அத்தை கதறினாள். பெற்றவளிடம் காட்டும்படியாகவா அது இருந்தது?

இப்போது புது ஆள் ஒருவன் வந்திருக்கிறான். எந்தப் பதிப்பாக இருந்தாலும், என்ன பிழையாக இருந்தாலும், எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து மணியடிக்கும்படி மாற்றி எழுதிவிட்டான். வயரைப் பிடுங்கியும் பார்த்தான். சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிட்ட வேலை அது.

மணி லயம்வரை கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் அத்தை வாசலுக்கு வந்து, "இப்ப மட்டும் அடிக்குதே, பாவி" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். சத்தத்தையாவது குறைக்கச் சொல்லி உன் தங்கை என் காலைப் பிடிக்காத குறை.

குறைக்க மாட்டேன் மச்சான். உன் அம்மா அழட்டும். நான் இந்த ஆலையில் இருக்கும்வரை அந்த மணியில் யாரையும் கைவைக்க விடமாட்டேன்.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன் பேச்சைக் கேட்காத மச்சான்