மஞ்சளாய்த் தெரிந்த கடல்

கண்புரை அறுவைக்குப் பிறகு நேற்றுக் கட்டைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், மாடியில் காயும் வெள்ளைப் புடவை இளநீலமாகத் தெரிகிறது. இத்தனை வருடமும் எல்லாவற்றையும் மஞ்சள் படிந்த கண்ணால்தான் பார்த்திருக்கிறேனாம். உடனே உன் நினைவு வந்துவிட்டது.

எழுபதுகளின் நடுவில் புதுப்பட்டினத்தில் உங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தோம். என் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. உன் கணவருக்குக் கடைத்தெருவில் துணிக்கடை. சிறு வயதில் வந்த காய்ச்சல் உன் இதயத்தின் வால்வைக் கெடுத்திருந்தது. இருபத்தாறு வயதிலேயே நாலு படி ஏறினால் உனக்கு மூச்சு வாங்கும். தினம் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. குழந்தை மட்டும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று கேட்பாய். கல்யாணத்துக்கு முன் சென்னை ஆய்வுக்கூடத்தில், தவளையின் இதயத்தில் அதே மருந்தைச் சொட்டிப் பார்த்தவள் நான். இதயத்தின் ஒவ்வொரு செல்லிலும் உப்பை வெளியே தள்ளும் பம்பு உண்டு, மருந்து அதைக் கொஞ்சம் அடக்கும், அதனால் உள்ளே கால்சியம் தங்கும், துடிப்பு பலமாகும் என்றேன்.

"அடக்கினா பலம் வருதா? நல்லா கீதே கதை" என்று சிரித்தாய்.

ஒரு சாயங்காலம் நாம் இருவர் மட்டும் மாமல்லபுரம் போனோம். ஈர மணலில் காலை நீட்டி உட்கார்ந்து அலையையே பார்த்துக்கொண்டிருந்த நீ, பாதித் தூக்கத்தில் பேசுவதுபோலச் சொன்னாய்.

"நாலு நாளா சோறு எறங்கல. வாந்தியா வருது. வூட்ல யாருக்கும் சொல்லல, உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன்." வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாய். "கடலு கூட மஞ்சளா கீதுடி. சந்தோசத்துல அப்டித் தெரியுமா?"

சட்டென்று உன் பக்கம் திரும்பினேன். "மாத்திரை எத்தனை போடறே?"

"ரெண்டு. நெஞ்சு பலமாச்சுன்னா டாக்டரு ஒத்துக்குவாருன்னு."

உன் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி இரண்டு துடித்து ஒன்று விட்டது. அந்த மருந்து அளவு மீறினால் வாந்தி வரும், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகும். அதற்கும் மேலே போனால் இதயம் தாளம் தப்பி நின்றே விடலாம். வாடகைக் கார் பிடித்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து, பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தாய். நானும் இரண்டு பெயர் சொன்னேன்.

ஐந்தாம் நாள், ஜன்னலுக்கு வெளியே வானம் பழையபடி ஆகிவிட்டது என்றாய். வயிற்றில் ஒன்றும் இல்லை என்று அன்றைக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். உன் கணவரிடம், மாத்திரை தவறுதலாகக் கூடிப்போனது என்று மட்டும் சொன்னோம்.

அதன் பிறகு மூன்று வருடம் இருந்தாய். நான் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினேன். தளர்ந்துபோகும் இதயத்தில் மருந்து போய்த் தொடுவதற்கு வேறு இடங்கள் உண்டா என்று தேடுவதிலேயே என் காலம் போயிற்று. இடங்கள் கிடைத்தன, எல்லாம் உனக்குப் பிறகு.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது, என் மேல் கோபமா என்று கேட்டேன்.

"கோவம் இன்னாத்துக்கு? அந்த நாலு நாளு நான் அம்மாவா இருந்தேன். யாருக்கும் சொல்லாத."

உன் கணவரும் போய்விட்டார், கடைசிவரை தெரியாமலே. நீ அம்மாவாக இருந்ததை அறிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.