நான் பார்க்கவில்லை என்று சொன்ன நாள்

அக்கா,

இன்று மதியம் அரிசி ஆலையிலிருந்து நெல் அவிக்கும் வாடை ஏழாம் வகுப்புக்குள் வந்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டது. சும்மாதான் பிடித்தது. எனக்குத்தான் பாடம் நடத்த முடியாமல் போய்விட்டது.

சுனிதா இதே வகுப்பில் படித்தபோது, அவளைப் பார்த்தால் வகுப்பே அப்படித்தான் மூக்கைப் பிடிக்கும். அந்த ஆலையில் மூட்டை தூக்க ஒடிசாவிலிருந்து வந்தவர் அவள் அப்பா. "பான்பராக்கு வருதுடா" என்று கத்துவார்கள். அவள் பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள். வகுப்பாசிரியை நான், எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. ஒருநாள் அழுதுகொண்டே வந்தவளிடம், "விளையாட்டுக்குச் சொல்றாங்கம்மா, நீ கண்டுக்காத" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதன்பிறகு அவள் என்னிடம் வரவேயில்லை.

பக்கத்துப் பிரிவு ஆசிரியையான நீங்கள்தான் எங்கள் வகுப்புக்கும் கணக்கு எடுத்தீர்கள். அவளுடைய கணக்கு நோட்டைத் திருத்தும்போது, நடுப்பக்கத்தில் 'உன் ஊருக்கே ஓடிப்போ' என்று யாரோ எழுதியிருந்ததை நீங்கள் பார்த்தீர்கள். அன்றே யார் யாரென்று விசாரித்துத் தலைமையாசிரியரிடம் போனீர்கள். எழுதியவனின் அப்பா ஊரில் செல்வாக்கானவர். அவரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு தலைமையாசிரியர் என்னைக் கேட்டார்.

"கிளாஸ் டீச்சர் நீங்க சொல்லுங்க. இதெல்லாம் நடக்குதா?"

"நான் எதையும் பார்க்கல சார்."

நீங்கள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு, "நான் பார்த்தேன் சார். மூணு பேர் பேரையும் சொல்றேன்" என்றீர்கள்.

மூவரும் மன்னிப்புக் கேட்டார்கள். சுனிதாவை உங்கள் பிரிவுக்கு மாற்றிக்கொண்டீர்கள். அவளுக்குத் தோழிகள் கிடைக்கும்வரை உங்கள் மதியச் சாப்பாடும் அவளோடுதான். என்னிடம் மட்டும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

உங்களைக் கடைசியாகப் பார்க்கத் தஞ்சாவூர் வீட்டுக்கு வந்தபோது, வாசலில் சுனிதா நின்றிருந்தாள். நர்ஸிங் படிக்கிறாளாம். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அழுதப்ப நீங்க ஒண்ணும் செய்யமாட்டீங்கன்னு நெனச்சேன் மிஸ். அப்புறம் டீச்சர்தான், 'உங்க மிஸ் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்'னாங்க. இல்லன்னா நான் அப்பவே படிப்ப விட்டிருப்பேன்."

ஒரு ஆசிரியை தன்னைக் கைவிட்டாள் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடக்கூடாது என்றுதானே அப்படிச் சொன்னீர்கள்? உள்ளே மாலைகளோடு நீங்கள் படுத்திருந்தீர்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இப்போதெல்லாம் ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு முழுதும் கேட்கிறேன். போன மாதம், எதிரில் உட்கார்ந்திருந்த ஓர் அப்பாவிடம், "உங்க பையன் செஞ்சத நானே பார்த்தேங்க" என்று சொல்லவும் முடிந்தது. சுனிதாவிடம்தான் இன்னும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வோர் ஆசிரியர் தினத்துக்கும் முதல் வாழ்த்து அவளிடமிருந்துதான் வருகிறது, அக்கா. 'நன்றிம்மா' என்று பதில் போடுகிறேன்.