சத்தம் கேட்காத பள்ளிக்கூடம்

கோவை இலையின் பச்சை வாடை இன்று காலை வகுப்பில் மூக்கில் ஏறியது. ஒரு சிறுமி அதைக் கசக்கித் தன் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பதுளை நகரத்துப் பிள்ளைகள் ஈரத்துணிதான் கொண்டுவருவார்கள்; இவள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருபவள். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் நாம் இருவரும் ஒரே தகரக் கொட்டகையில் பாடம் சொன்ன காலத்தில் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் இந்த வாடைதான்.

அங்கே பள்ளிக்கூடம் நடக்கிறதா என்பதைக் காதால் அளந்தார்கள். பிள்ளைகள் ஒரே குரலில் பாடம் ஒப்பிப்பது மலையில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்குக் கேட்டால் சரி. கேட்காவிட்டால் வாத்தியார் தூங்குகிறார். நானும் நன்றாகவே கத்த வைத்தேன். நீதான் ஒருநாள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து, ‘வாசி’ என்றாய். பிள்ளைகள் ஒரு பிசகில்லாமல் வாசித்தார்கள். நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை.

பிறகு அவர்களை இரண்டாகப் பிரித்தாய். ஒரு கூட்டம் என்னோடு வழக்கம்போல ஒப்பித்தது. மற்றது உன்னோடு மணலில் எழுதியது, தங்கள் வாயில் புழங்கும் சொற்களை: கூடை, மழை, ரொட்டி. சில மாதங்களில் உன் கூட்டம் புதிய சொற்களையும் எழுத்துக்கூட்டிப் படித்தது.

“ஜெயிச்சிட்டப்பா” என்றேன்.

“அவசரப்படாத. எம்புள்ளைக வாசப்பக்கம் ஒக்காந்திருக்குக. வெளிச்சத்தாலயும் இருக்கலாம்” என்று சொல்லி இரு கூட்டத்தையும் இடம் மாற்றி உட்கார வைத்தாய்.

உன் பிடிவாதம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இருட்டு மூலைக்குப் போன பிறகும் உன் பிள்ளைகளே வாசித்தார்கள். அதன்பின் நானும் கத்த வைப்பதை விட்டேன்.

கொட்டகை அமைதியானது, வம்பு வந்தது.

“என்னா வாத்தியாரே, பள்ளிக்கூடத்துல சத்தமே காணோம்? சும்மா ஒக்காருறதுக்குப் புல்லு வெட்டவாவது அனுப்பலாமே” என்றார் பெரிய கங்காணி.

பெற்றோர் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். இப்படியே போனால் கொட்டகையைச் சாமான் அறையாக்கிவிடுவேன் என்று தோட்டத் துரை சொல்லியனுப்பினார். பழையபடி கொஞ்சம் கத்த வைப்போமே என்று உன்னிடம் கெஞ்சினேன்.

“பள்ளிக்கூடம் பொழச்சுக்கும்பா. புள்ளைகதான் படிக்காதுக” என்றாய்.

வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரை அழைத்தாய். பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு, “யாராவது எங்கிட்ட மெதுவா ஒரு வார்த்த சொல்லுங்க. நான் பலகையில எழுதுறேன். உங்க புள்ள வந்து படிக்கும்” என்றாய். ஒரு கொழுந்துக்காரி எழுந்துவந்து உன் காதருகே ஏதோ சொன்னாள். நீ எழுதினாய். அவள் மகள் உள்ளே வந்து, விரல் வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தாள்:

“எங்க ஆத்தா ஊர்ல உசுரோட இருக்காளா.”

கடலுக்கு அப்பால் தன் ஆத்தாளை விட்டுவந்த அந்தத் தாய் பலகையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். “இன்னொருக்கா படிடி” என்றாள். சிறுமி மறுபடி படித்தாள். கங்காணி தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கு எல்லாப் புள்ளைகளும் வரும், வாத்தியாரே” என்றார். வந்தார்கள். கொட்டகை பள்ளிக்கூடமாகவே நின்றது.

விஷக்காய்ச்சல் தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் பரவிய ஆண்டில் நீயும் அதில் போய்விட்டாய். பிள்ளைகளைப் படிக்க வைத்தது மணலா, அவர்கள் வீட்டுச் சொற்களா என்று அடுத்த வருடம் பிரித்துப் பார்ப்போம் என்றிருந்தாய். நான் தனியாக அதைச் செய்யவில்லை. உன்னளவு பொறுமை எனக்கில்லை. உன்னோடு சண்டை போடாமல் அந்த வேலை ருசிக்கவும் இல்லை. இவ்வளவு சீக்கிரம் போனதற்கு உன்மேல் இன்னும் கோபம் வருகிறது.

ஆனாலும் புதிதாக ஒரு பிள்ளை வந்தால் நான் முதலில் புத்தகத்தைத் திறப்பதில்லை. ‘அம்மா என்ன சொல்லி அனுப்பினாங்க?’ என்று கேட்டு, அதைப் பலகையில் எழுதுகிறேன். சண்டை போடாதே, சோற்றைக் கொட்டாதே என்றுதான் பெரும்பாலும் வரும். போன மாதம் ஒருவன், “எனக்கு அம்மா இல்ல” என்றான். சுண்ணக்கட்டியோடு கை அப்படியே நின்றுவிட்டது. எழுதலாமா என்று உன்னைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

எழுதினேன். அவன் விரல் வைத்து, தானாக முதலில் படித்தது அதைத்தான்.